ஊதச் சொல்லலாம், ரத்தம் கேட்கலாமா? குடித்துவிட்டு ஓட்டுபவர் மீது போலீசுக்கு உள்ள அதிகாரம்

சென்னையில் வார இறுதி இரவுகளில் சாலையின் குறுக்கே தடுப்பு வைத்து, வண்டிகளை ஓரங்கட்டி, ஓட்டி வருபவரை ஊதச் சொல்வது பழகிப்போன காட்சி. கருவி ஒரு எண்ணைக் காட்டுகிறது, சீட்டு வெளியே வருகிறது, வழக்கு பதிவாகிறது. பெரும்பாலானவர்களுக்கு விஷயம் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் சட்டத்தில் அடுத்த படி ஒன்று இருக்கிறது. அதுதான் ரத்தப் பரிசோதனை. பெரிய விபத்து ஒன்று செய்தியில் அடிபடும்போதெல்லாம் அதைப் பற்றிய குழப்பமும் கூடவே வருகிறது. "நம் உடம்பிலிருந்து ரத்தம் எடுக்க போலீசுக்கு உரிமையே கிடையாது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றும். "ஊத மறுத்தால் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுவிடுவார்கள்" என்று இன்னொன்று சுற்றும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை.

இந்த அதிகாரம் எல்லாம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185, 202, 203, 204, 205 ஆகிய ஐந்து பிரிவுகளுக்குள் அடங்கும். இதோடு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவையும் (பிஎன்எஸ்எஸ்) சேர்த்துப் படித்தால் படம் தெளிவாகிவிடும்.

30 மில்லிகிராம் என்றால் எவ்வளவு?

185ஆவது பிரிவு குடித்திருப்பதைத் தண்டிக்கவில்லை. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவதையோ, ஓட்ட முயல்வதையோ தண்டிக்கிறது. வண்டி நேராகத்தான் ஓடியது, யார் மேலும் இடிக்கவில்லை என்று சொல்லிப் பயனில்லை. எண் தாண்டினாலே குற்றம்.

இது எவ்வளவு குறைந்த அளவு என்பது பலருக்குத் தெரிவதில்லை. நம் ஊர்க் கடையில் விற்கும் விஸ்கி, பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 60 மில்லியில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால் இருக்கும். 70 கிலோ எடையுள்ள ஆண் அதை வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தத்தில் சுமார் 40 மில்லிகிராம் வரை ஏறலாம். அதாவது ஒரு லார்ஜ் போதும், எல்லை தாண்டிவிடும். கட்டிங் (90 மில்லி) என்றால் 60 மில்லிகிராமுக்கு மேல். முழு குவார்ட்டர் (180 மில்லி) என்றால் 125ஐ ஒட்டிப் போகும். சாப்பாடு, எடை, குடித்த வேகம், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து இது ஏறி இறங்கும். பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு மது அவர்கள் ரத்தத்தில் இன்னும் கூடுதலாகக் காட்டும்.

ஏறிய ஆல்கஹால் இறங்குவது மெதுவாகத்தான். மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்பது பொதுக் கணக்கு. காபி, மோர், குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. இரவு 11 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுப் படுத்தவர், விடிகாலை 5 மணிக்கு விமான நிலையத்துக்கு வண்டியை எடுத்தால் அப்போதும் எல்லைக்கு மேலேயே இருக்கக்கூடும். இந்த இறங்கும் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுப்பதில் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அதுதான் காரணம்.

முதல் படி: மூச்சு

203ஆவது பிரிவுப்படி, சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரியோ, அதிகாரம் பெற்ற மோட்டார் வாகனத் துறை அலுவலரோ ஓட்டுநரை ஊதச் சொல்லலாம். மஃப்டியில் வந்தவருக்கு இந்த அதிகாரம் இல்லை. ஓட்டுநர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணமும் இருக்க வேண்டும். வண்டி தள்ளாடியது, பேசும்போது வாடை வந்தது, விபத்து நடந்திருக்கிறது என்பவை அப்படிப்பட்ட காரணங்கள். வரிசையில் வருகிற எல்லோரையும் ஊதச் சொல்வது இந்த வாசகத்துக்குள் சரியாகப் பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் உயிர் காக்கும் சோதனை என்பதால் மக்கள் அதைப் பெரிதாக எதிர்ப்பதில்லை.

கருவி அளப்பது மூச்சில் உள்ள ஆல்கஹாலை. அதை 2,100 மடங்காகப் பெருக்கி ரத்தத்தின் அளவாகச் சொல்கிறது. இந்த 2,100 என்பது சராசரி. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். இப்போதுதான் வாய் கொப்பளித்த மவுத்வாஷோ, ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தோ வாயில் தங்கியிருந்தால் கருவி அதையும் சேர்த்து எண்ணிவிடும். 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதினால் வாயில் இருந்தது போய்விடும், ரத்தத்தில் இருப்பது அப்படியே இருக்கும். மறுசோதனையின் பயனே இதுதான்.

கருவி ஆல்கஹால் இருப்பதாகக் காட்டினால் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். ஊத மறுத்து, குடித்திருப்பதாகச் சந்தேகமும் இருந்தால் அப்போதும் கைது செய்யலாம். மருத்துவமனையில் உள்நோயாளியாக இருப்பவரை மட்டும் இந்தப் பிரிவின் கீழ் கைது செய்ய முடியாது. கைதானவருக்குக் காவல் நிலையத்தில் இன்னொரு முறை ஊத வாய்ப்பு தர வேண்டும் என்று 203இன் ஐந்தாம் உட்பிரிவு சொல்கிறது. பலருக்குத் தெரியாத உரிமை இது. கேட்டுப் பெறலாம்.

இரண்டாம் படி: ரத்தம்

இப்போது 204க்கு வருவோம். சாலையோரத்தில் நிற்கும் ஒருவரிடம் போலீஸ் நேரடியாக ரத்தம் கேட்க முடியாது. இந்தப் படிகள் ஒவ்வொன்றும் நடந்திருக்க வேண்டும்:

1. அவர் 203ஆவது பிரிவின் கீழ் கைது செய்யப்பட்டிருக்க வேண்டும்.

2. அவர் காவல் நிலையத்தில் இருக்க வேண்டும். தடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் ரோந்து வாகனம் காவல் நிலையம் ஆகாது.

3. மூச்சுக் கருவி ஆல்கஹால் இருப்பதாகக் காட்டியிருக்க வேண்டும், அல்லது வாய்ப்புக் கொடுத்தும் அவர் ஊதாமல் இருந்திருக்க வேண்டும்.

4. ரத்தம் எடுப்பவர் பதிவுபெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். மருத்துவரை ஏற்பாடு செய்ய வேண்டியது போலீசின் பொறுப்பு.

5. ஓட்டுநர் பெண்ணாகவும் மருத்துவர் ஆணாகவும் இருந்தால், இன்னொரு பெண்ணின் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும்.

6. மாதிரி, மத்திய அல்லது மாநில அரசு நடத்தும், அல்லது அங்கீகரித்த ஆய்வகத்துக்குப் போக வேண்டும். சென்னையில் மயிலாப்பூர் காமராஜர் சாலையில் உள்ள தடய அறிவியல் துறை அப்படிப்பட்ட ஆய்வகம்.

விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு வழி சற்று வேறு. அங்கேயே ரத்தம் கேட்கலாம். ஆனால் அவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். "இப்போது எடுத்தால் சிகிச்சைக்குக் கெடுதல்" என்று மருத்துவர் சொல்லிவிட்டால் போலீஸ் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் மருத்துவரின் சொல்தான் கடைசி.

இன்னொரு கெடு 202ஆவது பிரிவில் இருக்கிறது. 185ஆவது பிரிவுக் குற்றத்துக்காகக் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். தவறினால் அவரைக் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். வழக்கு தானாகச் செத்துப்போகும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆளை வைத்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

மறுத்தால் என்ன ஆகும்?

மோட்டார் வாகனச் சட்டத்தில், ரத்தம் தர மறுப்பதற்கென்று தனியாக ஒரு சிறைத்தண்டனை எழுதப்படவில்லை. இதைப் பிடித்துக்கொண்டுதான் "மறுத்துவிடு, ஒன்றும் செய்ய முடியாது" என்று ஆலோசனை சொல்கிறார்கள். அது கெட்ட ஆலோசனை. 205ஆவது பிரிவு சொல்வது இது: தக்க காரணம் காட்டாமல் மூச்சோ ரத்தமோ தர மறுத்தால், அந்த மறுப்பையே அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலு சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். தள்ளாடினார், வாடை அடித்தது என்று போலீஸ் சொல்வதோடு "சோதனைக்கும் வர மறுத்தார்" என்பதும் சேர்ந்துகொள்ளும். குடிக்காத ஒருவர் மறுத்தால் தன்னைக் காப்பாற்றும் ஒரே அறிவியல் சான்றைத் தானே தூக்கி எறிகிறார். தவிர, சட்டப்படியான உத்தரவை வேண்டுமென்றே மீறினால் 179ஆவது பிரிவின்படி 2,000 ரூபாய் அபராதமும் வரலாம்.

சரி, பலவந்தமாக எடுக்க முடியுமா? மோட்டார் வாகனச் சட்டம் அதைச் சொல்லவில்லை. பிஎன்எஸ்எஸ் சொல்கிறது. அதன் 51ஆவது பிரிவுப்படி, கைதானவரின் உடலைப் பரிசோதித்தால் குற்றத்துக்குச் சான்று கிடைக்கும் என்று நம்ப நியாயம் இருந்தால், போலீஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் மருத்துவர் பரிசோதிக்கலாம். அதற்கு நியாயமாகத் தேவைப்படும் அளவு பலத்தையும் பயன்படுத்தலாம். "பரிசோதனை" என்பதில் ரத்தமும் அடக்கம். பழைய சட்டத்தின் 53ஆவது பிரிவில் சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரிதான் இதைக் கேட்க முடியும் என்றிருந்தது. புதிய சட்டம் அதை எந்தப் போலீஸ் அதிகாரியும் கேட்கலாம் என்று தளர்த்திவிட்டது. ஊசி போடும் அதிகாரத்தை இவ்வளவு கீழே இறக்கியது சரியில்லை என்பது என் கருத்து. ஒரு பாதுகாப்பு மட்டும் இங்கே கூடுதல்: பெண்ணைப் பரிசோதிப்பது பெண் மருத்துவராகவோ, அவர் மேற்பார்வையிலோதான் இருக்க வேண்டும். 204இல் இருப்பதைவிட இது கடுமையான நிபந்தனை.

"நியாயமாகத் தேவைப்படும்" என்ற சொற்களில்தான் கடிவாளம் இருக்கிறது. யாருக்கும் அடிபடாத, வெறும் சோதனையில் பிடிபட்ட ஒருவர் விஷயத்தில் மூச்சுக் கருவியின் முடிவையே நீதிமன்றம் சான்றாக ஏற்கும். அப்போது கையைப் பிடித்து ஊசி போடுவதற்கு என்ன தேவை? ஆள் இறந்த விபத்தில் கதை வேறு. அங்கே ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலின் அளவு ஐந்து ஆண்டுச் சிறைக்கும் பத்து ஆண்டுச் சிறைக்கும் இடையிலான வித்தியாசமாக ஆகிவிடக்கூடும்.

"தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது" என்கிற அரசியலமைப்பின் 20(3) இங்கே உதவாதா? உதவாது. கைரேகை, கையெழுத்து போன்றவற்றைத் தருவது சாட்சி சொல்வதாகாது என்று 1961இல் காத்தி காலு ஓகட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 2010இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில், சம்மதமில்லாமல் உண்மை கண்டறியும் சோதனைகள் நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தபோதும், மனதில் இருப்பதை வெளியே இழுப்பதையும் ரத்தம் போன்ற உடல்சார் சான்று எடுப்பதையும் நீதிமன்றம் பிரித்தே பார்த்தது.

"நான் குடிக்கவே இல்லை" என்பவருக்கு

எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இது. ரத்தப் பரிசோதனையைச் சட்டம் போலீசின் அதிகாரமாக எழுதியிருக்கிறது. ஓட்டுநரின் உரிமையாக எழுதவில்லை. கருவி தவறாகக் காட்டுகிறது என்று ஒருவர் சொன்னால், "வா, ரத்தம் எடுத்துப் பார்ப்போம்" என்று அழைத்துப்போகும்படி 204 போலீசைக் கட்டாயப்படுத்தவில்லை. பெரிய நகரத்தில் நள்ளிரவில் ஒவ்வொருவருக்கும் மருத்துவரைத் தேடுவது சிரமம் என்பது புரிகிறது. ஆனால் 10,000 ரூபாய் அபராதமும் உரிமம் பறிபோவதும் ஒரு கைக்கருவியின் எண்ணைப் பொறுத்து இருக்கும்போது, குடிக்கவில்லை என்று சொல்பவருக்கு மறுசோதனை கட்டாயமாக இருக்க வேண்டும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு ஆறு மாதம் உரிமம் போனால் குடும்பமே முடங்கிவிடும்.

இன்றைக்கு இருக்கும் சட்டத்தை வைத்தே செய்யக்கூடியவை சில உண்டு. 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதக் கேட்கலாம். கருவி தரும் அச்சுச் சீட்டின் நகலைக் கேட்டு, அதில் நேரம் சரியா என்று பார்க்கலாம். கைது செய்தால் இரண்டு மணி நேரக் கெடுவைச் சுட்டி மருத்துவப் பரிசோதனை கேட்கலாம். கைதானவரை மருத்துவர் பரிசோதித்து அறிக்கையின் நகலை அவருக்கே தர வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 53ஆவது பிரிவு சொல்கிறது. அந்த நேரத்தில் "ரத்தமும் எடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் நீதிமன்றத்தில் "அப்போதே கேட்டேன், எடுக்கவில்லை" என்று சொல்ல ஆதாரம் இருக்கும்.

ஊசியிலிருந்து ஆய்வகம் வரை

ரத்தம் என்றாலே உறுதியான சான்று என்று நினைத்துவிடக் கூடாது. எடுக்கும் விதம் சரியாக இருந்தால்தான் அது சான்று. ஊசி குத்துமுன் தோலை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது, ஸ்பிரிட்டே ஆல்கஹால்தானே. சோப்புத் தண்ணீரோ, ஆல்கஹால் கலக்காத கிருமிநாசினியோதான் பயன்படுத்த வேண்டும். ரத்தம் போகும் குழாயில் சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இருக்க வேண்டும். சாம்பல் நிற மூடி போட்ட குழாய் அதற்கென்றே வருவது. ஃபுளோரைடு இல்லாவிட்டால் வெயில் ஊரில் நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் புளிக்க வைத்து, ரத்தத்தில் இல்லாத ஆல்கஹாலைக்கூட உண்டாக்கிவிடும். ஆய்வகத்தில் வாயு நிறப்பகுப்பு (கேஸ் குரோமட்டோகிராபி) முறையில் அளப்பார்கள். குழாயின் மேல் பெயர், நேரம், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்குப் பதிவும் வேண்டும்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி போனாலும் வழக்கு ஆடிப்போகும். நடிகர் சல்மான் கான் மீதான 2002ஆம் ஆண்டு விபத்து வழக்கில் ரத்தத்தில் 62 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்ததாக அறிக்கை வந்தது. 2015 டிசம்பரில் அவரை விடுவித்த மும்பை உயர் நீதிமன்றம், மாதிரி எடுக்கப்பட்டு வைக்கப்பட்ட விதத்தின் மேலேயே சந்தேகம் எழுப்பியது. மகாராஷ்டிர அரசு அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. 2024 மே மாதம் புணேயில் போர்ஷே கார் மோதி இரண்டு பேர் இறந்த வழக்கிலோ, ஓட்டிய சிறுவனின் ரத்தத்துக்குப் பதில் வேறொருவர் ரத்தத்தை வைத்துவிட்டார்கள் என்று போலீஸ் குற்றம்சாட்டி, மருத்துவர்களையே கைது செய்தது. விபத்து நடந்தது விடிகாலை இரண்டரை மணி அளவில். முதல் மாதிரி எடுக்கப்பட்டது காலை 11 மணிக்கு. எட்டு மணி நேரத்தில் 120 மில்லிகிராம் வரை கரைந்துவிடும். மாற்றி வைக்காமலே விட்டிருந்தாலும் அந்த மாதிரி எவ்வளவு சொல்லியிருக்கும் என்பது கேள்விதான்.

அதே நேரம், ரத்தமே எடுக்காமல் மருத்துவரின் கண்பார்வையை மட்டும் நம்புவதும் போதாது. வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி ஆகியவற்றை வைத்து மட்டும் ஒருவர் போதையில் இருந்தார் என்று முடிவுக்கு வர முடியாது என்று 1971இலேயே பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "மது அருந்தியுள்ளார், ஆனால் அதன் பிடியில் இல்லை" என்று அரசு மருத்துவமனைச் சான்றுகளில் வரும் வழக்கமான வரியை, 30 மில்லிகிராம் எல்லையோடு எப்படிப் பொருத்துவது? எண் இல்லாமல் பொருத்த முடியாது.

தண்டனையும் அதற்கு அப்பாலும்

முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். ஹெல்மெட் அபராதம் போல இதை அந்த இடத்திலேயே கட்டித் தீர்த்துக்கொள்ள முடியாது. 200ஆவது பிரிவின் சமரசப் பட்டியலில் 185 இல்லை, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். குற்றம் உறுதியானால் உரிமத்தைக் குறைந்தது ஆறு மாதம் பறிக்க வேண்டும் என்று 20ஆவது பிரிவு சொல்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான்.

ஆள் இறந்தால் கணக்கே வேறு. அலட்சியத்தால் மரணம் என்றால் ஐந்து ஆண்டு வரை சிறை. கொலையாகாத மரணம் என்று போனால் பத்து ஆண்டு வரை போகலாம். 2006இல் மும்பை கார்ட்டர் சாலையில் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த ஏழு தொழிலாளர்கள் இறந்த வழக்கில், ஓட்டியவரின் ரத்தத்தில் 112 மில்லிகிராம் இருந்தது. அது வெறும் அலட்சியம் இல்லை என்று 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

காப்பீட்டிலும் ரத்தப் பரிசோதனை தேடி வரும். சோதனை நடக்கவில்லை என்பதாலேயே ஓட்டுநர் தப்பிவிட முடியாது, மற்றச் சூழ்நிலைகளை வைத்தும் காப்பீட்டு நிறுவனம் போதையை நிரூபிக்கலாம் என்று 2021இல் இஃப்கோ டோக்கியோ எதிர் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கில் கார் உரிமையாளருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

போதைப்பொருள்: சட்டத்தின் ஓட்டை

185ஆவது பிரிவு போதைப்பொருளையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் 204இன் கதவு ஆல்கஹாலுக்கு மட்டுமே திறக்கிறது. கஞ்சாவோ மெத்தம்பெட்டமைனோ எடுத்தவர் தாராளமாக ஊதுவார், கருவி பூஜ்யம் காட்டும். ஊதவும் மறுக்கவில்லை, ஆல்கஹாலும் இல்லை என்றால் 204இன் கீழ் ரத்தம் கேட்க வழியில்லை. கண்ணெதிரே நடந்த குற்றத்துக்காக 202இன் கீழ் கைது செய்து, பிஎன்எஸ்எஸ் 51 வழியாக மருத்துவரிடம் போக வேண்டும். அப்போதும் ஆல்கஹாலுக்கு 30 என்று இருப்பதுபோல் போதைப்பொருளுக்கு எண் எதுவும் சட்டத்தில் இல்லை. வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். கஞ்சாவின் தடம் சிறுநீரில் பல நாள் கழித்தும் தெரியும் என்பதால், ஆய்வக முடிவு மட்டும் அதற்குப் போதாது. அந்த இரவில் மருத்துவர் நடக்கச் சொல்லி, பேசச் சொல்லி, கண்மணியைப் பார்த்து எழுதி வைக்கும் குறிப்புதான் அங்கே வழக்கைத் தாங்க வேண்டும்.